ஒரு கிலோ முப்பது சென்

சனிக்கிழமை பதினொன்றுக்குப்
பழைய சாமான் லோரி வரும்.
ஒலிபெருக்கியில் மலாய் முடிந்து, சீனம் முடிந்து
கடைசியாகத் தமிழ்:
‘பழைய பேப்பர், பழைய பேட்டரி, பழைய வீடி...’
அந்த இடத்தில் பதிவு தேய்ந்து
பழைய வீடு என்றுதான் எனக்குக் கேட்கும்.

கோலக்கெட்டிலில் நாலாவது மாடி.
சன்னலைத் திறந்தால் செம்பனை ஆலைப் புகை,
மூடினால் மின்விசிறிக்கு மீட்டர் ஓடும்.
நாங்கள் திறந்தே வைக்கிறவர்கள்.
புளித்த எண்ணெய் வாடைக்குக் காசில்லை.

சிக்கனம் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.
பாசார் மாலாமுக்குப் பத்து மணிக்கு மேல்தான் போவேன்,
விளக்கணைக்கிற நேரத்தில்
கங்கோங் இரண்டு கட்டு ஒரு வெள்ளி.
ஒரு சார்டின் டின் இரண்டு நாள்:
இன்றைக்கு மீன்,
நாளைக்கு அதன் குழம்பில் பயற்றங்காய்.
சோறு வேகிற ஆவியிலேயே
முட்டையும் வெந்துவிட வேண்டும்.

அவர் சிக்கனம் வேறு ரகம்.
தனபாலன் எதையும் எறிவதில்லை.
‘இருக்கட்டும், உதவும்.’
இருந்தன.
காலில்லாத மின்விசிறி ஒன்று,
விசிறியில்லாத கால் ஒன்று,
இரண்டும் ஒன்றோடொன்று சேராது.
கல்யாணத்துக்கு வந்த மூன்று ரைஸ் குக்கரில்
இன்னும் பிரிக்காத இரண்டு.
ஐந்தாம் படிவம் முடித்துப் போன மகளின் நோட்டுகள்,
எழுதாத பக்கங்களுக்காக.
மைலோ டின் முப்பத்தொன்று.
எண்ணித்தான் சொல்கிறேன்.

ஆலையில் ஓவர்டைம் நிறுத்திய மாதம்
தண்ணீர் பில்லின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
வாடகை முந்நூறு. அறை இரண்டு.
ஆக நூற்றைம்பது வெள்ளி
மாதா மாதம் நாம் கட்டுவது
மைலோ டின் குடியிருக்க.
அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
படித்தார்.
திருப்பி முன்பக்கத்தையும் படித்தார்.
ரசத்தை ஊற்றிக்கொண்டே,
‘கூடம் இருக்கே, அதைக் கணக்கில சேர்க்கலையே’ என்றார்.

அடுத்த சனிக்கிழமை
அவரே விசிலடித்து லோரியை நிறுத்தினார்.
நாலு மாடி, பத்தொன்பது நடை.
லியோங் தூக்குத் தராசில் நிறுத்தான்.
பேப்பர் கிலோ முப்பது சென்.
நோட்டுகள் ஏறியபோது மட்டும்
இவர் முள்ளைப் பார்க்கவில்லை.
மகளின் கையெழுத்து நாலரைக் கிலோ,
ஒரு வெள்ளி முப்பத்தைந்து சென்.
இரும்பு, ஈயம், டின் எல்லாம் சேர்த்து
நாற்பத்தாறு வெள்ளி அறுபது.
அறுபது சென் சில்லறை இல்லை என்றான் லியோங்.
நாங்கள் நின்றோம்.
லோரி இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அது அவன் செலவு.
கடைசியில் இருக்கைக்கு அடியில் துழாவிக் கொடுத்தான்.

அன்று ராத்திரி காலி அறையில் நின்று
இவர் இரண்டு முறை இருமிப் பார்த்தார்.
சத்தம் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை யோகவாணி குடிவந்தாள்.
மினி மார்க்கெட்டில் காசாளர், ஊர் கூலிம் பக்கம்.
ஒரு பை, ஒரு தலையணை,
அவ்வளவுதான் சாமான்.
எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.
மூன்றாம் நாள்
அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.
‘அக்கா, எறும்பு வருது.
பழைய டின் ஏதாச்சும் இருக்குமா?’

தனபாலன் காப்பியிலிருந்து தலை தூக்கவில்லை.
எல்லாம் கொடுத்தாச்சும்மா என்று சொல்ல
வாயைத் திறந்தவள்
எழுந்து போய்
அடுப்புக்குக் கீழே, மாவுப் பைக்குப் பின்னால்
கை விட்டேன்.
முப்பத்தொன்றில் முப்பதுதான் தராசு ஏறியிருந்தது.

மூடி இறுகிக் கிடந்தது.
கரண்டிக் காம்பால் நெம்பினால்
உள்ளே இரண்டு பிடி ரப்பர் பேண்டு,
குழம்புப் பொட்டலங்களில் கழற்றியது.
அவற்றை எங்கே கொட்டுவதென்று தெரியாமல்
நான் நிற்க,
அவர் மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு
குவளையைக் கழுவாமல் நீட்டினார்.